6 முதல் 8 வரை அறிவியலில் என்ன இலக்கு வைக்கலாம்?

கேள்வி: ஊராட்சி ஒன்றிய நடுநிலைப்பள்ளியில் 6, 7, 8 வகுப்புகளுக்கு அறிவியல் எடுக்கிறேன். எட்டாம் வகுப்பை முடிக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் அடிப்படை அறிவியல் எழுத்தறிவு இருக்க வேண்டும், அதற்கான கற்றல் இலக்குகளை ஆண்டுத் தொடக்கத்தில் எழுதிக் கொடுங்கள் என்கிறார்கள். பாடநூலில் ஒவ்வொரு பாடத்துக்கும் கற்றல் நோக்கங்கள் இருக்கின்றன. அவற்றைத் தொகுத்து எழுதினால் போதாதா?

பதில்:

தொகுத்து எழுதினால் பதிவேடு நிறையும், கேட்டவர்களும் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். ஆனால் ஜூனில் எழுதிய அந்தத் தாளை ஏப்ரல் வரை நீங்கள் ஒருமுறைகூடத் திரும்பப் பார்க்க மாட்டீர்கள். பாடநூலில் கட்டம் கட்டிக் கொடுத்திருக்கும் நோக்கங்கள் பெரும்பாலும் பாடத்தலைப்புகள்தான். கடைசியில் 'அறிந்துகொள்ளல்', 'புரிந்துகொள்ளல்' என்று சேர்த்திருப்பார்கள். ஒளிச்சேர்க்கை பற்றி ஒரு பிள்ளை அறிந்துகொண்டாள் என்பதை எதை வைத்துச் சொல்வது? அவள் என்ன சொன்னால் அறிந்துகொண்டதாக அர்த்தம், என்ன சொன்னால் இன்னும் இல்லை? இதற்கு அந்தக் கட்டத்தில் பதில் கிடையாது. அதனால் புக் பேக் கேள்விக்குச் சரியாக எழுதினால் சரி என்று நாமே முடிவுகட்டிவிடுகிறோம்.

இலக்கு எழுத உட்காரும்போது ஒரு பிள்ளையை மனதில் நிறுத்திக்கொள்ளுங்கள். பிளஸ் ஒன்னில் சயின்ஸ் குரூப் எடுக்கப்போகிறவளை வேண்டாம். அவளுக்கு இன்னும் நான்கு ஆண்டுகள் பாக்கி இருக்கின்றன, நீங்கள் விட்டதை வேறு யாராவது பிடித்துக்கொள்வார்கள். காமர்ஸ் எடுக்கப்போகிறவன், ஐடிஐக்குப் போகிறவன், பத்தாவதோடு திருப்பூருக்கு வேலைக்குக் கிளம்புகிறவள், இவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். இவர்களில் பலர் பத்தாம் வகுப்போடு அறிவியலை முறையாகப் படிப்பதை நிறுத்திவிடுவார்கள். முப்பது வயதில் வரையறைகள் எல்லாம் மறந்துபோன பிறகும் இவர்களிடம் எது தங்க வேண்டும்? அதுதான் இலக்கு. இப்படி யோசித்தால் பட்டியல் தானாகச் சுருங்கும். சுருங்கத்தான் வேண்டும்.

ஒளிச்சேர்க்கையையே எடுத்துக்கொள்வோம். உங்கள் எட்டாம் வகுப்பில் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "பள்ளிக்கூடத்து வேப்பமரம் ஒரு காலத்தில் கையளவு கன்று. இன்றைக்கு அதன் எடை சில டன் இருக்கும். அவ்வளவு எடையும் எங்கிருந்து வந்தது?" ஒளிச்சேர்க்கைச் சமன்பாட்டைப் பிழையில்லாமல் எழுதும் பிள்ளைகள்கூட "மண்ணிலிருந்து சார்" என்பார்கள். சிலர் தண்ணீர் என்பார்கள், சிலர் உரம் என்பார்கள். காற்று என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. இது நம் ஊர்ப் பிள்ளைகளின் குறை என்று எண்ணிவிடாதீர்கள், உலகம் முழுக்க இதே கதைதான். 1987-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில் மாணவர்களும் பேராசிரியர்களுமாக 23 பேரிடம், பருவகாலங்கள் ஏன் மாறுகின்றன, நிலவு ஏன் தேய்ந்து வளர்கிறது என்பதுபோன்ற கேள்விகளைக் கேட்டுப் படமெடுத்தார்கள். 21 பேர் தவறாகச் சொன்னார்கள். கோடையில் பூமி சூரியனுக்குப் பக்கத்தில் போகிறது என்று பட்டமளிப்பு அங்கியோடு நின்று தயங்காமல் விளக்கினார்கள்.

சமன்பாடு ஒரு அறையிலும் மரம் இன்னொரு அறையிலும் கிடக்கின்றன. இரண்டையும் சேர்ப்பதுதான் எழுத்தறிவு. ஆகவே ஒளிச்சேர்க்கைக்கு நான் எழுதும் இலக்கு இப்படி இருக்கும்: 'மரத்தின் உலர்ந்த எடையில் மிகப் பெரும்பகுதி காற்றிலிருக்கும் கார்பன் டைஆக்சைடிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் வருகிறது, மண்ணிலிருந்து வருவது மிகக் கொஞ்சம் என்பதைத் தன் சொற்களில் சொல்வாள்; அதற்கு ஆதாரமாக ஒரு சோதனையையோ அன்றாட நிகழ்ச்சியையோ காட்டுவாள்.' ஆதாரத்துக்குத் தொலைதூரம் போக வேண்டியதில்லை. ஒரு கிலோ விறகை எரித்தால் ஒரு கைப்பிடி சாம்பல் தேறுவதே பெரிது. ஏறக்குறைய அந்தச் சாம்பல்தான் மண்ணின் பங்கு. மீதி புகையாகவும் கண்ணுக்குத் தெரியாத வாயுக்களாகவும் வந்த இடத்துக்கே போய்விட்டது.

இதோடு வான் ஹெல்மான்ட் கதையையும் சொல்லலாம். பதினேழாம் நூற்றாண்டில் இன்றைய பெல்ஜியப் பகுதியில் வாழ்ந்த வேதியியலாளர். 200 பவுண்டு உலர்ந்த மண்ணைத் தொட்டியில் போட்டு, 5 பவுண்டு எடையுள்ள வில்லோ மரக்கன்றை நட்டு, ஐந்து ஆண்டுகள் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் 169 பவுண்டு சொச்சம் வந்தது. மண்ணில் குறைந்தது சுமார் 2 அவுன்ஸ்தான். உடனே, மரம் முழுக்கத் தண்ணீரால் ஆனது என்று முடிவுகட்டினார். எடை போட்டது சரி, 'மண் இல்லை' என்றதும் சரி, 'அப்படியானால் தண்ணீர்' என்றது அவசரம். இத்தனைக்கும் வாயு என்பது காற்றிலிருந்து வேறான ஒன்று என்று கண்டு அதற்குப் பெயர் வைத்தவரே அவர்தான்! தன் மரத்துக்கும் அதற்கும் தொடர்பு இருக்கும் என்று அவருக்குத் தோன்றவில்லை. 1770-களில் பிரீஸ்ட்லி, இங்கன்ஹவுஸ் என்ற அறிவியலாளர்கள் வரும்வரை காற்றின் பங்கு பிடிபடவில்லை. பிள்ளைகளுக்கு இந்தக் கதை பிடிக்கும். பெரிய ஆளே கோட்டைவிட்டிருக்கிறார் என்று தெரிந்தால் தப்பாகச் சொல்லும் பயம் போய்விடும்.

இப்போது அந்த இலக்கில் என்னென்ன இருக்கின்றன என்று பாருங்கள். விளக்க வேண்டிய ஒரு நிகழ்ச்சி இருக்கிறது. எதிர்பார்க்கும் விளக்கம் இருக்கிறது. பிள்ளைகள் வழக்கமாக நினைக்கும் தவறான கருத்து உள்ளே ஒளிந்திருக்கிறது. அதை மாற்றுவதுதான் வேலை. இன்னொன்றும் வேண்டும். இந்த வகுப்புக்கு எது தேவையில்லை என்பதையும் எழுதிவையுங்கள். எட்டாம் வகுப்புக்கு ஒளிவினை, இருள்வினை என்ற உட்படிகள் வேண்டாம், பச்சையத்தின் வகைகள் வேண்டாம். எழுதிவைக்காவிட்டால் நம் கை சும்மா இருக்காது. கூடுதலாகச் சொல்லித்தருவது நல்லதுதானே என்று உள்ளே கொண்டுவந்துவிடுவோம், மரத்தின் எடை மறுபடி காணாமல் போகும்.

எதை விடுவது என்பதை முதலில் பெரிய அளவில் யோசித்தவர்கள் என்று அமெரிக்க அறிவியல் முன்னேற்றக் கழகத்தைச் சொல்லலாம். ஹாலி வால்நட்சத்திரம் வந்த சமயத்தில், 1985-இல், அவர்கள் ஒரு திட்டம் தொடங்கினார்கள். அந்த வால்நட்சத்திரம் அடுத்து வருவது 2061-இல். இன்று பள்ளியில் சேரும் பிள்ளை அதைப் பார்க்கும் வயதில் எதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்ற கேள்வியோடு, திட்டத்துக்கே 2061 என்று பெயர் வைத்தார்கள். 1989-இல், பள்ளிப் படிப்பு முடிக்கும் எவருக்கும் இருக்க வேண்டிய அறிவியல் என்ன என்பதை ஒரு நூலாக வெளியிட்டார்கள். 1993-இல் அதைப் படிப்படியாகப் பிரித்து 2, 5, 8, 12-ஆம் வகுப்புகளின் முடிவில் எங்கே நிற்க வேண்டும் என்று எழுதினார்கள். ஆண்டுக்கு ஆண்டு பிரிக்காமல் மூன்று நான்கு ஆண்டுகளைக் கட்டாகப் பிடித்தது எனக்கு ரொம்பச் சரியாகப் படுகிறது. ஒரு கருத்து ஒரு பருவத்தில் பதிவதில்லை. உங்களுக்கும் 6, 7, 8 மூன்றும் கையில் இருக்கின்றன. அது பெரிய வசதி, விட்டுவிடாதீர்கள்.

அவர்கள் செய்த இன்னொரு துணிச்சலான காரியம், அணுவைத் தள்ளிப்போட்டது. ஐந்தாம் வகுப்புவரை 'கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சின்னப் பகுதிகளால் பொருள்கள் ஆகியிருக்கலாம்' என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். அணு என்ற பெயர் 6 முதல் 8 வரையிலான கட்டத்தில்தான் வருகிறது. 2013-இல் அங்கே வெளிவந்த 'அடுத்த தலைமுறை அறிவியல் தரநிலைகள்' இதை இன்னும் வெளிப்படையாகச் செய்கிறது. பல இலக்குகளுக்குக் கீழே மதிப்பீட்டு எல்லை என்று ஒரு வரி கொடுக்கிறார்கள். ஐந்தாம் வகுப்பில், பொருள் கண்ணுக்குத் தெரியாத துகள்களால் ஆனது என்று பிள்ளை மாதிரி வரைந்து காட்ட வேண்டும். ஆனால் ஆவியாதல் துகள் அளவில் எப்படி நடக்கிறது என்று கேட்கக் கூடாது, அந்தத் துகள் என்ன என்று வரையறுக்கச் சொல்லவும் கூடாது. எதைக் கேட்கக் கூடாது என்று தரநிலை ஆவணமே எழுதியிருப்பதைப் படித்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. மற்றபடி அந்தத் தரநிலைகளின் வாக்கியங்கள் வாயில் நுழையாதவை, அப்படியே எடுத்து எழுத வேண்டாம்.

நல்ல இலக்கு இருந்துவிட்டால் மட்டும் எல்லாம் நடந்துவிடாது என்பதற்கும் அங்கேயே சாட்சி இருக்கிறது. 1999-இல் அதே 2061 திட்டத்தார், நாடு முழுக்கப் புழக்கத்தில் இருந்த நடுநிலை வகுப்பு அறிவியல் பாடநூல்களைத் தங்கள் இலக்குகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஒரு நூல்கூடத் தேறவில்லை. இலக்குகள் ஒருபக்கம், தலைப்புகளை அள்ளி நிரப்பிய தடித்த புத்தகங்கள் மறுபக்கம்.

நம் பக்கம் நிலவரம் முழுக்க மோசம் என்று சொல்ல மாட்டேன். 2017-இல் தேசியக் கல்வி ஆராய்ச்சி நிறுவனமான என்சிஇஆர்டி தொடக்க நிலைக்கு வெளியிட்ட கற்றல் விளைவுகள் ஆவணம் கையில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். வேறுபடுத்துகிறார், வகைப்படுத்துகிறார், கேள்விக்கு விடை தேட எளிய ஆய்வு செய்கிறார், காரணத்தோடு தொடர்புபடுத்துகிறார் என்று பிள்ளை செய்யும் செயலாக எழுதியிருக்கிறார்கள். நல்ல எலும்புக்கூடு. ஆனால் எல்லா வகுப்புக்கும் கிட்டத்தட்ட அதே வினைச்சொற்கள் வருகின்றன, உள்ளே பாடப்பொருள் மட்டும் மாறுகிறது. ஆறாம் வகுப்பில் செய்யும் 'எளிய ஆய்வு'க்கும் எட்டாம் வகுப்பில் செய்யும் 'எளிய ஆய்வு'க்கும் என்ன வித்தியாசம்? அதை நீங்கள்தான் நிரப்ப வேண்டும்.

எப்படி நிரப்புவது என்பதற்கு நம் ஊர் உலக்கையைப் பிடித்துக்கொள்கிறேன். கிரகணத்தன்று தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி உலக்கையை நிறுத்துவார்கள். நிற்கும். கிரகணம் பிடித்திருக்கும்வரைதான் நிற்கும், விட்டதும் விழுந்துவிடும் என்பார்கள். 2019 டிசம்பர் 26 கங்கண கிரகணம் கோயம்புத்தூர், கரூர், திண்டுக்கல், திருச்சி வழியாகப் போனது. அன்றைக்கும் பல வீடுகளில் உலக்கை நின்றது. படம் பிடித்து அனுப்பினார்கள். இதில் கிரகணம் எப்படி உண்டாகிறது என்று படம் வரையும் பிள்ளை தேர்வில் ஐந்து மார்க் வாங்கிவிடும். வீட்டுக்குப் போய் உலக்கைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். அவளிடம் நாம் எதிர்பார்ப்பது ஒரே ஒரு கேள்வி: "மற்ற நாளில் நிறுத்திப் பார்த்தீங்களா?" அடியில் பூண் போட்டுத் தட்டையாக இருக்கும் உலக்கை, பொறுமையாக நிறுத்தினால் எந்த நாளும் நிற்கும். யாரும் மற்ற நாளில் முயன்று பார்ப்பதில்லை, அவ்வளவுதான் விஷயம்.

ஆறாம் வகுப்பு இலக்கு இதுவே: 'இதனால்தான் இது நடந்தது என்று யாராவது சொன்னால், அது இல்லாதபோது நடக்கிறதா என்று கேட்பாள், முடிந்தால் செய்தும் பார்ப்பாள்.' ஏழாம் வகுப்பில் ஒரு படி மேலே. இரண்டு சூழலை ஒப்பிடும்போது ஒன்றை மட்டும் மாற்றி மற்றவற்றை ஒரேமாதிரி வைக்க வேண்டும் என்பதைத் தானே திட்டமிட்டுச் செய்வாள். நிழலில் ஒரு தொட்டி, வெயிலில் ஒரு தொட்டி என்றால் விதை, மண், தண்ணீர் ஒன்றாக இருக்க வேண்டும் என்று நீங்கள் சொல்லாமல் அவளாகச் சொல்ல வேண்டும். எட்டில் இன்னொரு படி: கண்ணால் பார்த்த முடிவுக்கு வேறு காரணம் இருக்க முடியுமா என்று யோசிப்பாள்.

கடைசிப் படிக்கு அருமையான ஒரு உதாரணம் வீட்டு வாசலுக்கே வரும். தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம் விற்க வருகிறவர்கள் பையில் ஒரு சின்ன மின்பகுப்புக் கருவி வைத்திருப்பார்கள். உங்கள் குழாய்த் தண்ணீரில் ஒரு ஜோடிக் கம்பியும் ஆர்ஓ தண்ணீரில் ஒரு ஜோடிக் கம்பியும் விட்டு சுவிட்சைப் போடுவார்கள். குழாய்த் தண்ணீர் காபி நிறத்தில் கலங்கும், ஆர்ஓ தண்ணீர் தெளிவாக நிற்கும். "பார்த்தீங்களாம்மா, இதைத்தான் இத்தனை நாளா குடிச்சிட்டிருந்தீங்க!" வீடே கதிகலங்கும். உண்மையில் அந்த நிறம் தண்ணீரில் இருந்த அழுக்கு கிடையாது. கம்பியில் ஒன்று இரும்பு. மின்சாரம் பாயும்போது அதுதான் கரைந்து துருவாகிறது. ஆர்ஓ தண்ணீரில் உப்பு மிகக் குறைவு, மின்சாரம் சரியாகப் பாய்வதில்லை, ஆகவே இரும்பு கரையவில்லை. அந்த ஆர்ஓ தண்ணீரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டு மறுபடி சுவிட்சைப் போடச் சொன்னால் அதுவும் கலங்கும். எட்டாம் வகுப்பில் மின்பகுப்பு நடத்தும்போது இதை வகுப்பில் செய்து காட்டலாம்: இரண்டு இரும்பு ஆணி, ஒரு 9 வோல்ட் பேட்டரி போதும், வீட்டு மின்சாரம் வேண்டவே வேண்டாம். ஆணி நேர்முனையில் கரைவதைப் பிள்ளைகள் கண்ணால் பார்ப்பார்கள். பிறகு இலக்கைச் சோதிக்கும் கேள்வி: "உப்புத் தண்ணீர் கலங்கியது ஏன் என்று இரண்டு காரணம் சொல்லு. எது சரி என்று எப்படிக் கண்டுபிடிப்பாய்?" ஆணிக்குப் பதில் பென்சில் கரியை வைத்துப் பார்க்கலாம் என்று ஒரு பிள்ளை சொன்னால் அன்றைக்கு உங்கள் வேலை முடிந்தது.

அந்தந்த ஊருக்கு என்று ஓரிரு இலக்குகளும் இருக்க வேண்டும். இதை எந்தப் பாடநூலும் உங்களுக்காக எழுதித் தராது. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம். பல்லில் கறை, முற்றினால் எலும்பு வளைவு. அங்கே ஒரு பள்ளியில் நான் வைக்கும் இலக்கு: 'தண்ணீரைக் கொதிக்கவைத்தால் எது போகும், எது போகாது என்று பிரித்துச் சொல்வான்.' கிருமி சாகும். புளோரைடு அப்படியே இருக்கும். தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடத்தான் செய்யும். இந்தியக் குடிநீர்த் தரநிலையில் லிட்டருக்கு 1 மில்லிகிராம்வரை ஏற்கத்தக்கது, வேறு நீர் கிடைக்காவிட்டால் 1.5 மில்லிகிராம்வரை அனுமதி என்ற எண்களை அந்த மாவட்டத்துப் பிள்ளை தெரிந்துவைத்திருப்பதில் அர்த்தம் இருக்கிறது. நாகப்பட்டினத்துப் பிள்ளைக்கு அதைவிட, கிணற்று நீர் ஏன் உப்பாகிக்கொண்டே வருகிறது என்பது முக்கியம். உங்கள் ஊரில் என்ன என்று உங்களுக்குத்தான் தெரியும்.

இனி கருத்துகளை மூன்று ஆண்டுகளுக்குப் பிரிப்பது. ஒன்றை மட்டும் விரித்துச் சொல்கிறேன், மற்றவற்றை இதே முறையில் நீங்கள் போட்டுக்கொள்ளலாம். பருப்பொருள் மறைவதில்லை என்ற கருத்து. ஆறாம் வகுப்பில் இரண்டு விஷயம் போதும்: தண்ணீரில் கரைந்த உப்பு காணாமல் போகவில்லை, காற்றுக்கு எடை உண்டு. காற்றின் எடைக்குப் பலூனைக் குச்சியில் கட்டிக் காட்டும் வழக்கம் இருக்கிறது. அது சரியான சோதனை இல்லை. பலூனுக்குள் இருக்கும் காற்றின் எடையை வெளிக்காற்றின் மிதப்புவிசை ஏறக்குறைய ஈடுகட்டிவிடும், தெரிவது மிகச் சிறு வித்தியாசம்தான். கால்பந்தைக் காற்று அழுத்தி அடிக்காமல், ஆனால் உருண்டையாக இருக்கும்போது எடைபோட்டு, பம்பால் நன்றாக அடித்தபின் மறுபடி போடுங்கள். ஒரு கிராமையும் காட்டும் டிஜிட்டல் தராசில் 4, 5 கிராம் கூடும். ஏழாம் வகுப்பில், இந்த இரண்டையும் கண்ணுக்குத் தெரியாத துகள்களை வைத்துப் படம் போட்டு விளக்க வேண்டும். ஈரத்துணி காயும்போது தண்ணீர் எங்கே போனது என்பதற்கும் அதே படம் உதவ வேண்டும். எட்டில் வேதிவினைக்குப் போகலாம். விறகு எரியும்போது எடை எங்கே போனது, இரும்பு துருப்பிடித்தால் எடை கூடுமா குறையுமா, கேட்டுப் பாருங்கள். பெரும்பாலோர் குறையும் என்பார்கள். மரத்தின் எடைக் கேள்வி இந்த ஏணியின் உச்சியில் வந்து உட்கார்கிறது. காற்றுக்கு எடை உண்டு என்று நம்பாத பிள்ளை, காற்றிலிருந்து மரம் வந்தது என்பதை எப்படி நம்புவான்? நாம் எட்டாம் வகுப்பில் ஒளிச்சேர்க்கையைத் திரும்பத் திரும்பச் சொல்லியும் பதியாமல் போவது இதனால்தான் என்பது என் கணிப்பு.

எலக்ட்ரான், புரோட்டான், நியூட்ரான் எல்லாம் பாடநூலில் நடுநிலை வகுப்புகளிலேயே வந்துவிடுகின்றன. நடத்துங்கள், தேர்வில் வரும். ஆனால் இந்த இலக்குப் பட்டியலில் சேர்க்காதீர்கள்.

ஆண்டுக்கு ஒரு வகுப்புக்கு எட்டு இலக்குகளைத் தாண்டாதீர்கள். பாடநூலில் இருப்பது முழுவதையும் நடத்தத்தான் போகிறீர்கள். இந்த எட்டு மட்டும், வகுப்பில் ஒரு பிள்ளையையும் விடாமல் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியவை. எழுதும் வரிசையும் முக்கியம். முதலில் சோதிக்கும் கேள்வியை எழுதுங்கள், இலக்கு வாக்கியம் அப்புறம். ஜூன் மாதமே அந்தக் கேள்வியைப் பிள்ளைகளிடம் கொடுத்து, மார்க் கிடையாது, நினைப்பதை எழுதுங்கள் என்று சொல்லித் தாளை வாங்கிவையுங்கள். அவர்கள் எழுதியதைப் படித்த பிறகு உங்கள் இலக்கு வாக்கியம் கட்டாயம் மாறும். எங்கே இடறுகிறார்கள் என்பது உட்கார்ந்து யோசித்தால் தெரியாது, அந்தத் தாள்களில்தான் இருக்கும்.

தேர்வு இன்னொரு சிக்கல். கேள்வித்தாள் எதைக் கேட்கிறதோ அதுதான் கடைசியில் இலக்காகும், நீங்கள் என்ன எழுதிவைத்தாலும். இதை நன்கு புரிந்துவைத்திருந்தவர்கள் மத்தியப் பிரதேசத்தில் ஹோஷங்காபாத் அறிவியல் கல்வித் திட்டத்தை நடத்தியவர்கள். 1972-இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கியது. பிள்ளைகள் சோதனை செய்து தாங்களே முடிவுக்கு வரும் முறை. அதற்குத் தகுந்தபடி தேர்வையும் மாற்றினார்கள்: புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டே எழுதலாம், செய்முறைத் தேர்வும் உண்டு. புத்தகம் திறந்திருந்தால் 'வரையறு' என்ற கேள்விக்கு வேலையே இல்லை, அல்லவா? 2002-இல் மாநில அரசு திட்டத்தை நிறுத்தியது. முப்பது ஆண்டுகள் அரசுப் பள்ளிகளில் ஓடியிருக்கிறது என்பதே நமக்குப் போதுமான சான்று. நீங்கள் பருவத்தேர்வுக் கேள்வித்தாளை மாற்ற முடியாது. ஆனால் வளரறி மதிப்பீடு உங்கள் கையில் இருக்கிறது. சார்ட் ஒட்டுவது, ஆல்பம் செய்வது என்று அதை வீணடிக்காமல், இந்த எட்டுக் கேள்விகளைப் புத்தகம் திறந்த தேர்வாக அங்கே வையுங்கள்.

இதெல்லாம் எவ்வளவு அவசியம் என்று கேட்பவர்களிடம் ஒரு பழைய கணக்கைச் சொல்லலாம். 15 வயது மாணவர்களுக்கான பீசா மதிப்பீட்டில் இந்தியாவிலிருந்து தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் கலந்துகொண்டன. முடிவு 2011 டிசம்பரில் வந்தது. அறிவியலில் தமிழ்நாட்டின் சராசரி 348. வளர்ந்த நாடுகளின் கூட்டமைப்பான ஓஇசிடி சராசரி 501. கேள்விகள் நம் பண்பாட்டுக்குப் பொருந்தவில்லை என்று அப்போது பேச்சு வந்தது. கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் அங்கே கேட்பது என்ன என்று பாருங்கள்: ஒரு நிகழ்ச்சியை அறிவியல்படி விளக்கு, ஓர் ஆய்வு சரியாகத் திட்டமிடப்பட்டிருக்கிறதா சொல்லு, இந்த அட்டவணையிலிருந்து என்ன முடிவுக்கு வரலாம் எழுது. உலக்கையும் ஆணியும் வேப்பமரமும் இதே மூன்றுதான். பத்தாம் வகுப்பில் நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கும் பிள்ளை இதில் திணறினால், கேள்வியின் பண்பாட்டை மட்டும் குறைசொல்லித் தப்பிக்க முடியாது.

கடைசியாக, 'அறிவியல் மனப்பான்மை வளர்த்தல்' என்று ஒரு வரியை எல்லோரும் பட்டியலில் சேர்ப்பார்கள். அரசியலமைப்பிலேயே இருக்கிறது, 1976-இல் 42-ஆம் திருத்தத்தில் சேர்த்த 51ஏ பிரிவில் குடிமக்களின் கடமை என்று சொல்லியிருக்கிறார்கள். வேண்டாம் என்று சொல்ல நான் யார்! ஆனால் அதைத் தனி இலக்காக எழுதி மார்க் போடாதீர்கள். மார்க் போட்டால், ஆசிரியருக்குப் பிடித்த பதில் எது என்று பிள்ளைகள் ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். வகுப்பில் 'மூடநம்பிக்கை' என்று முழங்குவார்கள், வீட்டில் பாட்டியோடு சேர்ந்து உலக்கை நிறுத்துவார்கள். பாட்டியை முட்டாளாக்கி அனுப்புவதும் நம் வேலை இல்லை. ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை, பாட்டியையே உலக்கையை நிறுத்தச் சொல்லிப் பார்த்துவிட்டு வா என்று வீட்டுப்பாடம் கொடுங்கள். நின்றதா, எத்தனை முயற்சியில் நின்றது, பாட்டி என்ன சொன்னார் என்று எழுதிக்கொண்டு வரட்டும். விழுந்துவிட்டது என்று வருகிறவளின் தாளையும் சேர்த்து மறுநாள் அட்டவணை போடுங்கள்.

தலைமை ஆசிரியருக்குக் கொடுக்கும் தாளில் பாடநூல் நோக்கங்களை வழக்கம்போல் எழுதி, அதன் பின்னால் இந்த எட்டைத் தனிப்பக்கமாக இணைத்துவிடுங்கள். பக்கத்து ஒன்றியப் பள்ளிகளில் அறிவியல் எடுக்கும் இரண்டு மூன்று பேரோடு சுற்றுவட்டாரப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தன்று உட்கார்ந்து எழுதினால் இன்னும் நல்லது; பிள்ளைகள் ஜூனில் எழுதிய தாள்களை எல்லோரும் கொண்டுவரச் சொல்லுங்கள்.